கடல் மூடப்பட்ட ஊரின் பாட்டு

1995இல் கனடாவில் ஒரு அல்பம் வெளிவந்தது. அதன் பெயர் 'அப்'. பாடியவர்கள் 'கிரேட் பிக் சீ' என்ற நாலு பேர் கொண்ட குழு. நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தலைநகரான சென்ற் ஜோன்ஸில் உருவான குழு அது. இசைக் கடைகளில் இதைக் 'கெல்டிக் றொக்' என்ற தட்டில் வைத்தார்கள். கனடாவில் இலட்சத்துக்கு மேல் விற்றது. ஐரிஷ் பப்களில் கைதட்டிக் கத்திப் பாடுகிற பாட்டுகள் என்றுதான் பலருக்கும் அது தெரியும்.

மொன்ட்ரியால்-நோரில் இருந்துகொண்டு, தமிழில், இதைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கெல்டிக் இசைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அது ஒரு படகில் தொடங்குகிறது.

1986 ஆகஸ்ட் 11

அன்றைக்கு நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், சென்ற் ஷொட்ஸ் என்ற ஊருக்கு அப்பால், கடும் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் இருந்தவர்கள் 155 ஈழத்தமிழர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டு ஓடியவர்கள். மேற்கு ஜேர்மனியில் இருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஏறி வந்தார்கள். கப்பல்காரன் அவர்களை நடுக்கடலில் இந்தப் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கனடாக் கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

அவர்களைக் கண்டது கடற்படை அல்ல. கஸ் டால்ற்றன் என்ற மீனவர். சென்ற் மேரீஸ் குடாவில் இருக்கிற அட்மிரல்ஸ் பீச் என்ற சின்ன ஊர்க்காரர். மீன்பிடிக்கப் போன தன் படகில் ஆட்களை ஏற்றினார், வேறு படகுகளுக்கும் அறிவித்தார். எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். சென்ற் ஜோன்ஸில் இருக்கிற மெமோரியல் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில் அவர்களைத் தங்கவைத்தார்கள். சில நாட்களில் மொன்ட்ரியாலுக்கும் ரொறன்ரோவுக்கும் போகத் தொடங்கினார்கள். உங்கள் அப்பாவோ மாமாவோ அந்த 155 பேரில் ஒருவரை அறிந்திருக்கக்கூடும்.

முதலில் நேரே இந்தியாவில் இருந்து வந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஜேர்மனியில் இருந்து வந்தோம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். உண்மை வெளியே வந்ததும் நாட்டில் கோபம் கிளம்பியது. அப்போதைய பிரதமர் பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வருடத்துக்குத் தங்கி வேலை செய்ய அனுமதி கிடைத்தது. 2016இல், 30 வருடங்களுக்குப் பிறகு, அவர்களில் சிலர் நியூஃபவுண்ட்லாந்துக்குத் திரும்பிப் போய் டால்ற்றனைச் சந்தித்தார்கள்.

கதையின் இந்தப் பாதி எங்களுடைய நிகழ்ச்சிகளில் சொல்லப்படுகிறது. மறுபாதியை யாரும் சொல்வதில்லை. எங்களைக் கரையேற்றிய அந்த மீனவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது? ஆறே வருடத்தில் அவர்களுடைய கடல் மூடப்பட்டது. 'அப்' அல்பம் அந்த மூடலுக்குப் பிறகு பிறந்தது.

கெல்டிக் றொக் என்றால் என்ன?

அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், பிரான்ஸின் பிரித்தானி ஆகிய இடங்களில் வேரூன்றிய பழைய மொழிகளையும் பண்பாட்டையும் 'கெல்டிக்' என்கிறார்கள். அந்த நாட்டுப்புறப் பாட்டுகளுக்கும் நடன மெட்டுகளுக்கும் மின்கிற்றார், பேஸ், டிரம் சேர்த்து வாசிக்கத் தொடங்கியது 1960களின் கடைசியிலும் 1970களிலும். பிரித்தானியில் அலன் ஸ்டிவெல் யாழையும் மின்கிற்றாரையும் ஒரே மேடையில் வைத்தார். டப்ளினில் ஹோர்ஸ்லிப்ஸ் என்ற குழு 1973இல் 'த டாய்ன்' என்ற அல்பத்தை வெளியிட்டது. அது ஒரு பழைய ஐரிஷ் காவியத்தைச் சொல்கிறது. காவியத்தின் கதை என்ன தெரியுமா? எதிரி நாட்டின் மாட்டைக் கவர்ந்துவரப் போகும் போர். தமிழ்ப் பள்ளியில் புறத்திணை படித்திருந்தால் 'வெட்சி' ஞாபகம் வரும். அதேதான்.

இவர்களில் பலரும் செய்த வேலை ஒன்று: வீட்டிலும் வயலிலும் வள்ளத்திலும் பாடப்பட்டு, "பழசு, பட்டிக்காடு" என்று ஒதுக்கப்பட்ட பாட்டைத் தங்கள் வயதுக்காரர் கேட்கிற சத்தத்தில் திருப்பி வாசித்தார்கள்.

மீனின் நிலம்

நியூஃபவுண்ட்லாந்துக்கு ஐரிஷ் மொழியில் ஒரு பெயர் உண்டு: 'டலவ் அன் ஏஷ்க்'. பொருள், மீனின் நிலம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மீன்பிடிக் கப்பல்கள் அத்திலாந்திக்கைக் கடக்குமுன் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் துறைமுகத்தில் நின்று, உணவுப் பொருளும் கூலியாட்களும் ஏற்றின. முதலில் கோடைகாலத்துக்கு மட்டும் வந்தவர்கள் பிறகு நிரந்தரமாகத் தங்கினார்கள். வாட்டர்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட், கில்கெனி என்று அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் இருந்துதான் பெரும்பாலானோர் வந்தார்கள். அதனால் அந்த மூலையின் பேச்சு வாடை நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரை ஊர்களில் இன்றும் கேட்கிறது. அட்மிரல்ஸ் பீச், சென்ற் ஷொட்ஸ் எல்லாம் இந்த ஐரிஷ் கரையில் இருப்பவை.

அவர்கள் பிடித்தது கொட் மீன். உப்பிட்டு, கடற்கரையில் மரப்பரண்களில் காயவைத்து, கப்பலேற்றினார்கள். நல்ல கருவாடு ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் போனது. தரம் குறைந்தது கரீபியனுக்குப் போனது, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு உணவாக. பதிலுக்கு ரம்மும் வெல்லப்பாகும் வந்தன. மொன்ட்ரியால்-நோரில் ஏதாவது ஹெயிட்டியன் பேக்கரிக்குப் போய் 'மொறு' போட்ட பற்றே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்த உப்பு மீனுக்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறு. 'அப்' அல்பத்தில் கறுப்பு ரம்மைப் பற்றி ஒரு கும்மாளப் பாட்டு இருக்கிறது. ரம் அந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்று தெரிந்தபின் கேட்டால் வேறு மாதிரிக் கேட்கும்.

தீவின் கரையெங்கும் சிதறிக் கிடந்த சிற்றூர்களை 'அவுட்போர்ட்' என்பார்கள். பல ஊர்களுக்கு வீதியே கிடையாது, வள்ளத்தில்தான் போகவேண்டும். நீண்ட குளிர்கால இரவுகளில் பொழுதுபோக்கு என்றால் யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் கூடுவது. ஒருவர் பிடில் வாசிப்பார், ஒருவர் அக்கோர்டியன். வாத்தியம் இல்லையென்றால் வாயாலேயே மெட்டை இசைப்பார்கள், அதற்கு ஆடுவார்கள். கடலில் செத்தவர்கள், உடைந்த கப்பல்கள், கஞ்சத்தனமான முதலாளிகள் என்று எல்லாமே பாட்டாகின.

மருந்துக்காரரின் பாட்டுப் புத்தகம்

இந்தப் பாட்டுகள் எழுத்தில் வந்த கதை சுவையானது. ஜெரல்ட் எஸ். டோயில் என்று சென்ற் ஜோன்ஸில் ஒரு வியாபாரி. மருந்துச் சாமான்கள் விற்பவர். ஊரூராக விற்கப் போன இடங்களில் கேட்ட பாட்டுகளைத் தொகுத்து, 1927இல் ஒரு சிறிய புத்தகமாக அச்சடித்தார். பாட்டுகளுக்கு நடுவே அவருடைய மருந்துகளின் விளம்பரம். புத்தகம் இலவசம். மருந்து விற்க வந்த புத்தகம் பாட்டைக் காப்பாற்றிவிட்டது. பிறகு பல பதிப்புகள் வந்தன, தீவு முழுக்க வீடுகளில் அது இருந்தது.

ஆனால் 1949இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்தபிறகு காற்று மாறியது. அதுவரை அது தனி ஆட்சி. 1948 வாக்கெடுப்பில் கனடாவோடு சேரலாம் என்றவர்கள் சுமார் 52 வீதம் மட்டுமே. சேர்ந்த பிறகு "நவீனமாக வேண்டும்" என்ற அவசரம் வந்தது. சிறிய ஊர்களுக்கு வீதியும் மின்சாரமும் பள்ளியும் கொடுப்பது செலவு என்று, ஊர்களை மூடி மக்களைப் பெரிய இடங்களுக்கு மாற்றினார்கள். 1954இல் இருந்து 1975 வரை ஏறத்தாழ 300 ஊர்கள் காலியாகின, சுமார் 30,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். சிலர் மரவீட்டைக் கழற்றாமல் அப்படியே கடலில் மிதக்கவிட்டு, வள்ளங்களால் இழுத்துப்போனார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். 'இடப்பெயர்வு' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது விளங்கும், காரணம் வேறு என்றாலும்.

வேலை தேடி ரொறன்ரோவுக்குப் போனவர்களை 'நியூஃபி' என்று கேலிசெய்தார்கள். அவர்களை முட்டாள்களாகக் காட்டும் பகிடிகள் புத்தகமாகவே விற்றன. உச்சரிப்பை மாற்றிக்கொண்டு கதைக்கப் பழகியவர்கள் பலர். வீட்டுப் பேச்சும் வீட்டுப் பாட்டும் வெட்கத்துக்குரியதாக மாறியது இப்படித்தான்.

அந்த வெட்கத்துக்கு எதிராக 1970களில் ஒரு குழு கிளம்பியது. பெயர் 'ஃபிகி டஃப்', அது உலர்திராட்சை போட்டுத் துணியில் கட்டி அவிக்கும் உள்ளூர் இனிப்பின் பெயர். எங்கள் ஆட்கள் ஒரு குழுவுக்குக் 'கொழுக்கட்டை' என்று பெயர் வைத்த மாதிரி. டிரம் வாசித்த நொயல் டின், பாடிய பமேலா மோர்கன் ஆகியோர் அவுட்போர்ட்டுகளுக்குப் போய், வயதானவர்கள் பாடுவதைக் கேட்டுப் படித்தார்கள். பிறகு அதை மின்கிற்றாரோடும் டிரமோடும் மேடையேற்றினார்கள். முதல் அல்பம் 1980இல் வந்தது. காசு பெரிதாக வரவில்லை, ஆனால் அடுத்த தலைமுறைக்கு ஒரு வழி கிடைத்தது. நொயல் டின் 1993இல் இறந்தார். அதே வருடம்தான் 'கிரேட் பிக் சீ' தொடங்கியது.

1992 ஜூலை 2

இப்போது கடலுக்கு வருவோம். ஏன் மூடினார்கள் என்பதை விளங்கிக்கொள்ளாமல் 'அப்' அல்பத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

சிறிய வள்ளத்தில், தூண்டிலும் கூட்டுவலையும் வைத்துப் பிடித்தவரைக்கும் கொட் அழிந்துபோகவில்லை, 400 வருடத்துக்கு மேலாக. 1954இல் 'ஃபெயார்ட்ரை' என்ற பிரிட்டிஷ் கப்பல் வேலைக்கு வந்தது. கடலின் அடியில் பெரிய இழுவைவலையை இழுத்து, பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி, உறையவைத்து, மாதக்கணக்கில் கரைக்குப் போகாமல் நிற்கக்கூடிய மிதக்கும் தொழிற்சாலை அது. பிறகு சோவியத், ஜேர்மன், ஸ்பானிஷ், போர்த்துக்கீசக் கப்பல்களும் வந்தன. 1968இல் மட்டும் அந்தப் பகுதியின் கொட் பிடிப்பு ஏறத்தாழ 8 இலட்சம் தொன்.

1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை அறிவித்து வெளிநாட்டுக் கப்பல்களைத் தள்ளிவைத்தது. ஆனால் அந்த இடத்தில் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் இறங்கின. எவ்வளவு மீன் மிச்சம் இருக்கிறது என்ற அரசாங்கக் கணக்கு உண்மையைவிட அதிகமாக இருந்தது. கரையோர மீனவர்கள் "மீன் சிறுத்துப்போய்விட்டது, வலைக்கு வருவதில்லை" என்று வருடக்கணக்காகச் சொன்னார்கள். அவர்களுடைய பேச்சு அனுபவம் என்று எழுதப்பட்டது, தரவு என்று எடுக்கப்படவில்லை. தரவோடு வேலைசெய்கிற என் போன்றவர்கள் அடிக்கடி திரும்பிப் பார்க்கவேண்டிய இடம் இது.

1992 ஜூலை 2ஆம் திகதி, மீன்பிடி அமைச்சர் ஜோன் குறொஸ்பி, அவரும் நியூஃபவுண்ட்லாந்துக்காரர், வடபகுதிக் கொட் மீன்பிடியை நிறுத்துவதாக அறிவித்தார். இரண்டு வருடத்துக்கு என்றார். மீனவர்களும் மீன் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் சேர்த்து 30,000 பேர்வரை வேலை இழந்தார்கள். கனடா வரலாற்றில் ஒரே அடியில் நடந்த மிகப் பெரிய வேலையிழப்பு என்று அதைச் சொல்வார்கள். அந்த இரண்டு வருடம் 32 வருடமானது. 2024இல்தான் வணிக மீன்பிடியை, சிறிய அளவில், திரும்பவும் திறந்தார்கள்.

1991 கணக்கெடுப்பில் மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 5,68,000. 2001இல் சுமார் 5,13,000. பத்து வருடத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. முதலில் போனது இளைஞர்கள், ரொறன்ரோவுக்கும் அல்பேர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்கும். கஸ் டால்ற்றனின் ஊர் மாதிரியான ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் குறைந்தார்கள். எங்கள் பெற்றோர் அகதி அந்தஸ்துக்காகக் காத்திருந்த அதே வருடங்கள்.

நாலு இளைஞர்கள், ஒரு அல்பம்

அலன் டோயில், ஷான் மக்கான், பொப் ஹலற், டரல் பவர். கடல் மூடப்பட்டபோது எல்லோரும் இருபதுகளில் இருந்தார்கள். அலன் டோயில் சென்ற் ஜோன்ஸுக்குப் பக்கத்தில் பெற்றி ஹாபர் என்ற மீன்பிடிக் கிராமத்தில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது துறையில் நின்று, வெட்டிப் போடும் கொட் தலைகளில் இருந்து நாக்கை அறுத்து எடுத்து விற்றதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஊர்ச் சிறுவர்களின் கைச்செலவுக் காசு அது. அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

குழுவின் முதல் நிகழ்ச்சி 1993 மார்ச்சில், மெமோரியல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆம், ஏழு வருடங்களுக்கு முன் 155 தமிழர்களைத் தங்கவைத்த அதே பல்கலைக்கழகம். முதல் அல்பத்தைத் தாங்களே வெளியிட்டு, நிகழ்ச்சி நிகழ்ச்சியாகக் காவித் திரிந்து விற்றார்கள். பிறகு வார்னர் நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே வந்த முதல் அல்பம்தான் 1995இன் 'அப்'.

அல்பத்தைப் போட்டதும் வியப்பாக இருப்பது வேகம். கிற்றார், பேஸ், பிடில், பொத்தான் அக்கோர்டியன், புல்லாங்குழல் போன்ற விசில், அதோடு 'பௌரோன்'. பௌரோன் என்பது வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டிய ஐரிஷ் மேளம், கையில் பிடித்துச் சிறு கோலால் அடிப்பது. பறையைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. மேடையில் அப்போது அவர்களுக்கு டிரம் செட் இல்லை. றொக்கின் இடி பௌரோனில் இருந்தும் நாலு குரல்களில் இருந்தும் வந்தது.

பாட்டுகளின் பிறப்பிடத்தைப் பாருங்கள். 'லூக்கி' நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்த நையாண்டிப் பாட்டு, ஒரு மனிதனையும் அவன் படகையும் பற்றியது. 'மாரி மக்' ஸ்கொட்லாந்தில் இருந்து வந்த நாக்குச் சுளுக்கும் பாட்டு, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடும். 'றன்ற் அன்ட் றோர்' ஆங்கிலேயக் கடற்படையினரின் பழைய பாட்டு ஒன்றை எடுத்து, அதன் மெட்டில் 19ஆம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாந்து ஊர்களின் பெயர்களை இட்டு எழுதியது. 'வேவ் ஓவர் வேவ்' ஜிம் பெய்னும் ஜானிஸ் ஸ்பென்சும் எழுதிய உள்ளூர்ப் புதுப்பாட்டு, கடலோடியின் வாழ்வைப் பற்றி. 'றன் றன்அவே' ஸ்லேட் என்ற ஆங்கிலேய றொக் குழுவின் 1980களின் பொப் பாட்டு. பிறகு, குழுவின் சொந்தப் பாட்டுகள்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கேட்பது 'கெமிக்கல் வேர்க்கர்ஸ் சோங்'. இதை எழுதியவர் றொன் ஏஞ்சல், இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸைட் என்ற தொழிற்பேட்டைப் பகுதியைச் சேர்ந்தவர். இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்து உடம்பைத் தொலைப்பவர்களின் பாட்டு. நியூஃபவுண்ட்லாந்தின் மீன்பிடி ஊர்களின் வாழ்க்கை அதுவல்ல. ஆனால் வேலையே ஆளைத் தின்கிற கதை அந்த ஊருக்கு விளங்கும். கிற்றார் எல்லாம் ஒதுங்கி நிற்க, குரல்களும் மேளமும் மட்டும் பாடுகின்றன. இரவு வேலைக்கு உணவுத் தொழிற்சாலைக்குப் போய்வந்த பெற்றோர் உள்ளவர்கள் எங்களில் குறைவில்லை. கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பட்டியலில் 'சுத்தமான' நியூஃபவுண்ட்லாந்துப் பாட்டு எத்தனை? சிலதுதான். மிச்சம் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து, வானொலி. ஆனால் அல்பத்தைக் கேட்கிற எவரும் அது நியூஃபவுண்ட்லாந்து என்பதில் சந்தேகப்பட மாட்டார்கள். வந்ததை எல்லாம் தங்கள் வாயால், தங்கள் உச்சரிப்பை மறைக்காமல் பாடியதால் அப்படியாயிற்று. முந்திய தலைமுறை வேலைக்காக மாற்றிக்கொண்ட அந்த உச்சரிப்பை இவர்கள் நாட்டின் வானொலிகளில் ஒலிக்கவிட்டார்கள். அல்பேர்ட்டாவிலும் ரொறன்ரோவிலும் இவர்களுடைய நிகழ்ச்சிக்கு வந்து பாட்டு முழுவதையும் கூடப் பாடியவர்களில் ஊரைவிட்டு வந்த நியூஃபவுண்ட்லாந்துக்காரர் நிறைய. அவர்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இவ்வளவு உற்சாகமாகப் பாடினால் துயரம் மறைந்துபோகாதா? பப்பில் பியர் குடித்துக்கொண்டு பாடுகிறவர்களுக்கு 1992 ஞாபகம் வருமா? பெரும்பாலும் வராது. மாகாணத்தின் சுற்றுலா விளம்பரத்துக்கு வசதியான இசை இது என்று சொல்பவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி. ஆனால் பாட்டு உயிரோடு இருந்தால்தான் ஒருநாள் ஒரு பிள்ளை "இது எந்த ஊர்? ஏன் எல்லோரும் போனார்கள்?" என்று கேட்கும். ஃபிகி டஃப்பை எனக்கு அறிமுகப்படுத்தியது கிரேட் பிக் சீதான். மருந்துக்காரர் டோயிலை அறிமுகப்படுத்தியது ஃபிகி டஃப். நான் பின்னோக்கித்தான் போனேன்.

எங்கள் கரையில்

இப்போது எங்கள் பக்கம். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் 'அம்பா' என்று ஒரு பாட்டு வகை உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடுவது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், கயிறு பிடித்தவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். அந்தத் தாளத்தில் கை ஒன்றாக இழுக்கும். பாட்டு அங்கே வேலைக்கான கருவி. ஐரோப்பியக் கப்பல்களில் பாய்க்கயிறு இழுக்கப் பாடிய பாட்டுகளும் இதே வேலையைத்தான் செய்தன. நீராவி இயந்திரம் வந்ததும் அவற்றுக்கு வேலை போய்விட்டது. எங்கள் கரையிலும் பல இடங்களில் இப்போது உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலையை இழுக்கிறார்கள். வின்ச்சுக்கு அம்பா தேவையில்லை.

கடல் மூடப்பட்ட கதையும் எங்களுக்கு உண்டு. போர்க்காலத்தில் வடக்கு மீனவர்களுக்கு இரவில் போகக்கூடாது, இத்தனை மைலுக்கு அப்பால் போகக்கூடாது, பெரிய இயந்திரம் பூட்டக்கூடாது என்று தடைகள். பல கரைகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2009க்குப் பிறகு கடலுக்குத் திரும்பியவர்கள் கண்டது பாக்கு நீரிணையில் அடியை வாரிக்கொண்டு போகும் இழுவைப் படகுகள். பெரும்பாலானவை தமிழ்நாட்டில் இருந்து வருபவை. அவற்றில் கூலிக்கு வருகிறவர்களும் ஏழைத் தமிழர்கள்தான். 2017இல் இலங்கை இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. பிரச்சினை தீரவில்லை. வலைக்கு மீன் வருவதில்லை என்று சிறிய வள்ளக்காரர் சொல்வதைக் கேட்க, 1980களின் நியூஃபவுண்ட்லாந்துதான் ஞாபகம் வருகிறது.

அம்பாப் பாடல்களை ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள், புத்தகங்களில் இருக்கின்றன. அவர்களுக்கு நன்றி. ஆனால் என் தொழிலில் ஒரு பழமொழி மாதிரிச் சொல்வோம்: எடுத்துவைத்த பக்கப்பை ஒருதரம்கூடத் திறந்து ஓடவிட்டுப் பார்க்காவிட்டால், உங்களிடம் பக்கப் இல்லை. புத்தகத்தில் இருக்கும் பாட்டும் அப்படித்தான். மருந்துக்காரரின் புத்தகம் வேலைசெய்தது, ஏனென்றால் யாரோ அதைக் கையில் எடுத்துக் கிற்றாரோடு பாடினார்கள்.

"எனக்குத் தமிழே சரியாக வராது, நான் எப்படி?" என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பக்கத்தில், சென்-மிஷேலில், ஹெயிட்டியப் பின்னணி கொண்ட 'மூஸியோன்' குழு 1999இல் தங்கள் முதல் அல்பத்தில் பிரெஞ்சையும் கிரியோலையும் ஆங்கிலத்தையும் ஒரே வரிசையில் கலந்து ராப் பாடினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வீட்டில் எப்படிக் கதைத்தார்களோ அப்படிப் பாடினார்கள். உங்கள் உச்சரிப்பில், உங்களுக்கு வருகிற தமிழில், பிரெஞ்சு கலந்தால் கலந்தபடி, ஒரு அம்பாவைப் பாடினால் அதைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே இந்த மாதத்துக்கு மூன்று வேலை தருகிறேன். ஒன்று, 'அப்' அல்பத்தை முதலில் இருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள், பிறகு ஃபிகி டஃப்பைத் தேடிக் கேளுங்கள். இரண்டு, உங்கள் குடும்பத்தில் கரையோர ஊர்க்காரர் யாராவது இருந்தால், அம்மப்பாவோ பெரியம்மாவோ, "வலை இழுக்கும்போது என்ன பாடுவீர்கள்?" என்று கேட்டு, ஃபோனில் பதிவுசெய்யுங்கள். இரண்டு வரி கிடைத்தாலும் போதும். மூன்று, பதிவுசெய்ததை வைத்துவிடாதீர்கள். கிற்றாரோ, மிருதங்கமோ, கராஜ்பாண்டோ, எது கையில் இருக்கிறதோ அதில் வாசியுங்கள். சரியாக வராவிட்டாலும் எனக்கு அனுப்புங்கள்.

கஸ் டால்ற்றன் போன்றவர்கள் எங்கள் ஆட்களைத் தூக்கி எடுத்தபோது யார், எந்த நாடு, என்ன மொழி என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறைகளில் பாடிய பாட்டுகளை நாங்கள் ஒருதரமாவது கேட்டுவைப்பது, கடன் தீர்ப்பதாகாது. ஆனால் யார் எங்களைக் கரையேற்றினார்கள் என்று தெரிந்துகொண்டதாகும்.